ஒரு முயலுக்குத் தொற்று வந்தால் மற்றதை என்ன செய்வது: சேர்த்து வைத்தல், பிரித்தல், மருத்துவமனையில் விடுதல்

இரண்டு முயல்களை ஒன்றாக வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஒன்று தும்முகிறது, அல்லது காதைச் சொறிந்துகொண்டே இருக்கிறது, அல்லது அதற்குக் கழிச்சல் கண்டிருக்கிறது, மற்றதை உடனே பிரிக்க வேண்டுமா? ஒருவர் பிரித்தே ஆக வேண்டும் என்பார். இன்னொருவர், பிரித்தால் இரண்டும் ஏங்கித் தீவனத்தைத் தொடாது, பிரிக்கவே கூடாது என்பார். இருவர் சொல்வதும் ஏதோ ஒரு நோய்க்குப் பொருந்தும், வேறொரு நோய்க்குப் பொருந்தாது. ஆகவே என்ன நோய் என்று ஓரளவாவது தெரிந்துகொள்ளாமல் இந்த முடிவை எடுப்பதில் பொருளில்லை.

நம் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன: இரண்டையும் சேர்த்தே வைத்து இரண்டுக்கும் மருத்துவம் பார்ப்பது; ஒரே வீட்டில் வெவ்வேறு அறைகளில் பிரித்து வைப்பது; நோயுற்றதைக் கால்நடை மருத்துவமனையில் உள்நோயாளியாக விடுவது. எந்த வழியை எடுத்தாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது பொதுவான தேவை.

## எவற்றை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், நோய் பரவும் விதம். மூச்சுக்காற்றிலும் தும்மல் துளியிலும் பரவுவது ஒரு வகை. உடலோடு உடல் உரசுவதால் பரவுவது இன்னொரு வகை. புழுக்கை, சிறுநீர் வழியாகப் பரவுவது மூன்றாவது வகை. கொசுவும் தெள்ளும் சுமந்து வருகிற நோய்களும் உள்ளன. அவற்றுக்குக் கூண்டைத் தள்ளி வைப்பது ஒரு தடையே அல்ல.

இரண்டாவது, துணை முயலுக்கு அந்த நோய் ஏற்கெனவே தொற்றியிருக்க எவ்வளவு வாய்ப்பு என்பது. பலர் கணக்கில் எடுக்காமல் விடுவது இதைத்தான். முயல் இரையாகும் விலங்கு. தன் பலவீனத்தை முடிந்தவரை மறைக்கும். நம் கண்ணில் அறிகுறி படும்போது நோய் வந்து சில நாட்களோ வாரங்களோ ஆகியிருக்கும், அத்தனை நாளும் இரண்டும் ஒன்றன் முகத்தை ஒன்று நக்கிக்கொண்டு ஒரே தட்டில்தான் தின்றிருக்கும்.

மூன்றாவது, ஒவ்வொன்றும் எவ்வளவு தின்கிறது, எவ்வளவு புழுக்கை போடுகிறது என்று தனித்தனியே அறிய முடிகிறதா என்பது. நான்காவது, வயது. பால் மறந்த குட்டிக்கு இரண்டு நாளில் உயிரைப் பறிக்கும் கழிச்சல், அதே கிருமியைச் சுமக்கும் தாயிடம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். ஐந்தாவது, வீட்டில் உள்ள மனிதருக்குத் தொற்றும் வாய்ப்பு. ஆறாவது, பிரித்து வைக்க நம்மிடம் உண்மையில் இருக்கும் இடம் எத்தகையது என்பது. தமிழ்நாட்டுக் கோடையில் மற்ற ஐந்தையும்விட இதுவே முடிவைத் தீர்மானிப்பதாக ஆகிவிடலாம்.

## தொற்றா, வேறொன்றா

அகத்திக்கீரை உதிர்வையோ காய்ந்த புல்லின் தூசியையோ முகர்ந்து இரண்டு முறை தும்மினால் அது நோயல்ல. மூக்கைப் பார்ப்பதைவிட முன்னங்கால்களின் உட்பக்கத்தைப் பாருங்கள். முயல் ஒழுகும் மூக்கை முன்னங்காலால் துடைத்துக்கொண்டே இருப்பதால், மூக்கு சுத்தமாகத் தெரியும்போதும் அங்கே முடி கஞ்சி போட்ட துணிபோலத் திரித்திரியாக ஒட்டிக் காய்ந்திருக்கும். அப்படி இருந்தால் அது பாஸ்டுரெல்லா முதலிய நுண்ணுயிரிகளால் வரும் மூக்குச்சளி நோய் என்று ஐயப்படலாம். ஒரு கண்ணில் மட்டும் நீர் வழிந்து தும்மல் இல்லாமல் இருந்தால், கடைவாய்ப் பல்லின் வேர் வளர்ந்து கண்ணீர்க் குழாயை அடைத்திருக்க வாய்ப்புண்டு, அது தொற்றாது.

பின்புறத்தில் ஒட்டியிருக்கும் பசைபோன்ற மலமும் எப்போதும் கழிச்சல் அல்ல. முயல் நாளுக்குச் சில முறை திராட்சைக் கொத்துப்போன்ற மென்மையான புழுக்கையைப் போட்டு, அதை ஆசனவாயிலிருந்தே நேராக எடுத்துத் தின்னும். உடல் பருத்ததோ முதுகு வலிப்பதோ குனிய முடியாமல் அதை விட்டுவிடும், அது முடியில் ஒட்டிக்கொள்ளும். உருண்டைப் புழுக்கை வழக்கம்போல் இருக்கிறதா என்பதே அடையாளம். சிவந்த சிறுநீரைக் கண்டு பதறுவதும் பல நேரம் வீண். தீவனத்திலுள்ள நிறமிகளால் அது சிவக்கும். முடி உதிர்கிற பருவத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும் இடத்தில் தோல் வழவழப்பாக இருந்தால் படர்தாமரை என்று முடிவு கட்ட வேண்டாம்; செதிலும் சிவப்பும் பொருக்கும் இருந்தால்தான் ஐயம்.

தொற்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. 12 மணி நேரம் எதையும் தின்னாமல் இருப்பது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, குட்டிக்கு நீராகக் கழிவது, உடல் வெப்பம் 38 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது ஆகியவை அவசரம். முயலின் இயல்பான வெப்பம் 38.5 முதல் 40 பாகை வரை. நமக்குக் கடும் காய்ச்சலாகத் தோன்றும் எண் அதற்கு இயல்பு.

## வழி ஒன்று: சேர்த்தே வைத்து இரண்டுக்கும் மருத்துவம்

காதுச்சொறிக்கு இதுவே சரி என்பதில் எனக்கு ஐயமே இல்லை. காதின் உட்குழிவில் பழுப்பு நிறத்தில் அடுக்கடுக்காக, உலர்ந்த கடலை மாவு போலப் பொருக்குத் திரண்டிருக்கும். முயல் தலையை உதறும், பின்னங்காலால் சொறியும். இதை உண்டாக்கும் சொறிப்பூச்சி முட்டையிலிருந்து முட்டையிடும் பருவத்துக்கு வர ஏறக்குறைய 3 வாரம் ஆகும். முயலின் உடலை விட்டுக் கூண்டில் விழுந்தாலும் பல நாள் உயிரோடிருக்கும். ஆகவே துணையின் காதில் பொருக்கு இல்லை என்பதற்குப் பூச்சி இல்லை என்று பொருளல்ல. ஒன்றுக்கு மட்டும் மருந்திட்டால் மற்றதிடமிருந்து பூச்சி திரும்பி வரும். கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகத் தோலடியில் போடும் ஐவர்மெக்டின் ஊசியை எடைக்கேற்ற அளவில், 10 முதல் 14 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை, இரண்டு முயலுக்கும் ஒரே நாளில் போட்டுவிட்டால் பிரிக்கத் தேவையே இல்லை. பொருக்கை உரித்தெடுக்க முயலாதீர்கள். கீழே புண்ணாக இருக்கும், வலியால் முயல் துடிக்கும். மருந்து வேலை செய்தால் அது தானே உதிரும்.

மூக்கு நுனி, உதடு, நகத்தைச் சுற்றி வெண்சாம்பல் நிறத்தில் தடிக்கும் உடற்சொறிக்கும் ஏறக்குறைய இதே முறைதான். ஆனால் அந்தப் பூச்சி கையில் தூக்குபவருக்கும் சில நாள் அரிப்பைக் கொடுக்கும் என்பதால் கையுறை வேண்டும்.

தலை ஒரு பக்கமாகச் சாயும் நோய்களில் ஒன்று, சிறுநீர் வழியாகப் பரவும் நுண்ணிய ஒட்டுண்ணியால் வருவது. தலை சாயும் நாளுக்குள் அந்தச் சிறுநீர் நெடுநாளாகக் கூண்டில் கலந்திருக்கும் என்பதால் அப்போது பிரிப்பதால் துணைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சொற்பம். தரை தெரியாமல் உருளும் முயலுக்குப் பக்கத்தில் துணை படுத்திருப்பது பெரிய ஆறுதல். மிகவும் உருண்டால் மட்டும் நடுவே ஒரு கம்பித் தடுப்பு வைக்கலாம். தலைச்சாய்வு மூக்குச்சளி நடுக்காதுக்கு ஏறியதாலும் வரும். எது என்பதை மருத்துவரே பிரித்தறிய வேண்டும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு, தின்பதை அளக்க முடியாதது. தட்டில் வைத்த முருங்கைக்கீரை காலியாகியிருக்கும். முழுவதையும் ஒன்றே தின்றிருக்கும். இதற்கு எளிய வழி, காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் கம்பித் தடுப்புக்கு இருபுறமும் தனித்தனித் தட்டில் தீவனம் வைத்து அருகே உட்கார்ந்து பார்ப்பது. இன்னொரு செலவு, இரண்டுக்கும் மருந்து வாங்குவது. பின்னர் மறுபடி தொற்றி ஆகும் செலவோடு பார்த்தால் அது குறைவே.

## வழி இரண்டு: வீட்டிலேயே பிரித்தல்

தும்மலோடு வெள்ளைச் சளியும் முன்னங்காலில் ஒட்டிய முடியும் கண்டால் பிரிப்பதற்கு நியாயம் உண்டு, முழு நியாயம் இல்லை. பாஸ்டுரெல்லா பல முயல்களின் மூக்கில் எந்த அறிகுறியும் இன்றித் தங்கியிருக்கும். சேர்ந்தே வளர்ந்த துணையிடம் அது முன்பே இருக்கலாம். ஆனாலும் சளி பெருகிய முயல் ஒவ்வொரு தும்மலிலும் வெளியேற்றும் கிருமியின் அளவு மிக அதிகம். துணை குட்டியாகவோ, கிழமாகவோ, சினையாகவோ இருந்தால் நான் பிரிப்பேன். இரண்டும் நல்ல உடல்கட்டுள்ள வளர்ந்த முயல்களாக இருந்து, ஒன்றைவிட்டு ஒன்று தின்னாத இணையாக இருந்தால் பிரிக்க மாட்டேன். காற்றோட்டத்தைக் கூட்டி, சிறுநீர்த் தட்டை நாளுக்கு இருமுறை மாற்றுவேன். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூக்கின் உட்தோலை அரித்துச் சளியை வளர்க்கும். கூண்டில் குனிந்தால் நம் மூக்குக்கு அந்த நெடி எட்டுகிறதென்றால், நாள் முழுவதும் அதிலேயே மூக்கை வைத்திருக்கும் முயலின் நிலை என்ன என்று எண்ணிப் பார்க்கலாம்.

பிரிப்பது என்று முடிவு செய்தால் உண்மையாகவே பிரிக்க வேண்டும். ஒரே அறையில் இரண்டடி தள்ளி வைத்த கூண்டு, தும்மலில் பரவும் நோய்க்குப் பிரிப்பாகாது. வேறு அறை, வேறு தட்டு, வேறு துடைப்பம் வேண்டும்; நலமாக உள்ளதை முதலில் கவனித்து, நோயுற்றதைக் கடைசியில் கவனித்து, பிறகு கையைச் சோப்பால் கழுவி மேலாடையை மாற்ற வேண்டும். வீட்டில் கினிப்பன்றி இருந்தால் அந்த அறையில் மட்டும் நோயுற்ற முயலை விட வேண்டாம். முயல் மூக்கில் அமைதியாகத் தங்கும் ஒரு நுண்ணுயிரி கினிப்பன்றிக்கு நிமோனியாவைக் கொண்டுவரும்.

இடம் பற்றிய என் பாடம் ஒரு மே மாதத்தில் வந்தது. மல்லி என்ற பெண் முயல் தும்மத் தொடங்கியதும், சுண்டுவிடமிருந்து அதைப் பிரித்து மொட்டைமாடிக் கொட்டகையில் வைத்தேன். மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது அது வயிற்றைத் தரையில் பரப்பிக் கிடந்தது. காதுகளைத் தொட்டால் அடுப்பருகே வைத்த தட்டுபோலச் சுட்டன, மூக்குத்துளைகள் விரிந்து விலா அடித்துக்கொண்டது. நான் அஞ்சிய தொற்று அதைக் கொல்லவில்லை. நான் தேர்ந்தெடுத்த இடம் கொன்றிருக்கும். முயலுக்கு வியர்த்துக் குளிரும் வழி கிடையாது, பெருமளவு வெப்பத்தைக் காது வழியாகவே வெளியேற்றும். 30 பாகைக்கு மேல் போனாலே தடுமாறத் தொடங்கும். குளிர்ந்த அறை ஒன்றுதான் இருக்கிறதென்றால், அதை நோயுற்றதற்குக் கொடுத்துவிட்டு நலமானதைக் கூடத்துக்கு மாற்றுங்கள்.

பால் மறந்த குட்டிகளின் இரத்தக் கழிச்சல் நோயில் பிரிப்பது கட்டாயம். காக்சிடியா என்னும் ஒட்டுண்ணியின் முட்டைகள் புழுக்கையோடு வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் உள்ள இடத்தில் ஒன்று முதல் சில நாள் கிடந்து முதிர்ந்த பிறகே தொற்றும் தன்மை பெறும். ஆகவே அன்றாடம் புழுக்கையை அகற்றினாலே சங்கிலி அறுந்துவிடும். இதில் ஓர் அழகும் உண்டு: முயல் தன் மென்புழுக்கையை உடனே தின்றுவிடுவதால் அதிலுள்ள முட்டை முதிர நேரமே கிடைப்பதில்லை, அதனால் அந்தப் பழக்கத்தைத் தடுக்க வேண்டியதில்லை. பினாயிலும் டெட்டாலும் இந்த முட்டைகளை அழிப்பதில்லை. கொதிக்கும் நீரும் நல்ல வெயிலில் உலர்த்துவதும் அழிக்கும். மருத்துவர் டோல்ட்ராசுரிலோ சல்பா மருந்தோ எழுதித் தருவார். தாயைத் தனியே, கழியும் குட்டிகளைத் தனியே, இன்னும் நலமாயுள்ள குட்டிகளைத் தனியே என்று மூன்றாக வைத்தால்தான் எந்தக் குட்டிக்கு நீர்ச்சத்து வற்றுகிறது என்பது தெரியும். வயிறு உப்பி, முதுகு கூனி, பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும் குட்டி கூட்டத்தின் நடுவில் கண்ணில் படாது.

படர்தாமரையில் முயல்களை ஒன்றிடமிருந்து ஒன்று பிரிப்பதைவிட இரண்டையும் குழந்தைகளிடமிருந்து பிரிப்பதே முக்கியம். இரண்டும் சேர்ந்தே இருக்கட்டும், இரண்டுக்கும் மருந்து தொடரட்டும், படுக்கை அறைக்குள் மட்டும் வர வேண்டாம்.

பிரிப்பதன் பெரிய மறைமுகச் செலவு பின்னால் வருகிறது. இரண்டு வாரம் பிரிந்திருந்த முயலின் உடலில் வேறு மணம் ஏறிவிடும். மருந்து மணமும் மருத்துவமனை மணமும் சேரும். நெடுநாள் நண்பர்களாக இருந்தவையே கடித்துக் குதறிக்கொள்ளும். பிரிந்திருக்கும் நாட்களில் துணை தின்னாமல் போய்க் குடல் அசைவு நின்றுவிடுவதும் உண்டு. முயலுக்குக் குடல் நிற்பதே உயிருக்கு ஆபத்து. இதைக் குறைக்க, உரசலால் மட்டும் பரவும் நோயானால், ஒன்றையொன்று பார்த்தும் முகர்ந்தும் இருக்கும்படி இரட்டைக் கம்பித் தடுப்பு போதும்.

## வழி மூன்று: மருத்துவமனையில் விடுதல்

சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் போதனை மருத்துவமனைகள் உள்ளன. முயலை எங்கே காட்டுவது என்று தெரியாதவர்களுக்கு அவை நல்ல தொடக்கம். ஆனால் காட்டிவிட்டு அன்றே வீடு திரும்புவது வேறு, விட்டுவிட்டு வருவது வேறு. சிரை வழியாக நீர் ஏற்ற வேண்டியிருந்தால், பிராணவாயு தேவைப்பட்டால், வீட்டில் ஊசிக்குழாயால் மூன்று மணிக்கொரு முறை கூழ் ஊட்ட ஆளில்லையென்றால் விடத்தான் வேண்டும். மற்ற நேரங்களில் நான் இதைத் தவிர்ப்பேன். பக்கத்துக் கூண்டில் நாய் குரைக்கும்போது முயல் தின்னாது.

விடுவதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: நாய், பூனைகளிலிருந்து தனி அறை உண்டா, குளிரூட்டப்பட்டதா, இரவில் தீவனம் வைத்துப் பார்க்க ஆள் உண்டா. அதற்குப் பழகிய புல்லையும் கீரையையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் கூடவே கொடுத்தனுப்புங்கள். வண்டியில் கொண்டுபோவது விடியற்காலையில் இருக்கட்டும். உறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்றைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்தால் சாய்ந்துகொள்ளும்.

## ஒரே பார்வையில்

| கண்ணில் படுவது | துணைக்கு முன்பே தொற்றியிருக்க வாய்ப்பு | முதல் தேர்வு | தேர்வு மாறும் இடம் |
|---|---|---|---|
| காதில் அடுக்குப் பொருக்கு | மிக அதிகம் | சேர்த்தே வைத்து இரண்டுக்கும் மருந்து | புதிதாக வாங்கிய முயல் இன்னும் சேரவில்லை என்றால் தனியே |
| மூக்கு, நகம் சுற்றிச் சொறி | மிக அதிகம் | சேர்த்தே, கையுறையோடு | தின்ன முடியாத அளவு உதடு தடித்தால் தனித்தட்டு |
| வெள்ளைச் சளி, ஒட்டிய முன்னங்கால் | நடுத்தரம் முதல் அதிகம் | வேறு அறை | இரண்டும் வலுவான வளர்ந்த இணை என்றால் சேர்த்தே |
| குட்டிகளுக்குக் கழிச்சல் | அதிகம் | மூன்றாகப் பிரித்தல் | நீர்ச்சத்து வற்றினால் மருத்துவமனை |
| தலைச்சாய்வு | அதிகம் | சேர்த்தே | உருண்டால் கம்பித் தடுப்பு, தின்னாவிட்டால் மருத்துவமனை |
| செதிலோடு வட்டத் திட்டு | அதிகம் | இரண்டும் சேர்ந்து, மனிதரிடமிருந்து விலகி | வீட்டில் நோயெதிர்ப்பு குன்றியவர் இருந்தால் மருத்துவர் சொற்படி |
| திடீர்ச் சாவு | தெரியாது | எஞ்சியதை நகர்த்தாமல் கண்காணித்தல் | உடனே உடற்கூறாய்வு |

கடைசி வரிக்கு விளக்கம் தேவை. முந்தைய இரவு தின்ற முயல் காலையில் செத்துக் கிடந்தால், உடலைப் புதைப்பதற்கு முன் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, உறைய விடாமல், கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய் உடற்கூறாய்வு கேளுங்கள். எஞ்சியிருக்கும் முயலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே. 1984-இல் சீனாவில் முதலில் அறியப்பட்ட முயல் இரத்தக்கசிவு நோய் இப்படித்தான் கொல்லும். அதன் வைரஸ் உலர்ந்த இடத்திலும் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, செருப்பிலும் பறித்த புல்லிலும் பயணம் செய்யும். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் முயல் வளர்க்கும் தமிழர்கள் இந்த நோய்க்கு அங்கே கிடைக்கும் தடுப்பூசியைத் தவறாமல் போட வேண்டும். கொசுவும் தெள்ளும் பரப்பும் மிக்சோமாட்டோசிஸ் அங்கே கூடுதல் கவலை. கண்ணிமையும் பிறப்புறுப்பும் வீங்கும் அந்த நோய்க்கு இங்கிலாந்தில் தடுப்பூசி உண்டு, ஆஸ்திரேலியாவில் வளர்ப்பு முயலுக்குக் கிடைப்பதில்லை என்பதால் அங்கே கொசுவலைதான் காப்பு.

## எந்த வழியிலும் செய்யக் கூடாதவை

குழந்தைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்சிசிலின் சிரப்பை முயலுக்கு ஊற்றாதீர்கள். வாய்வழி செல்லும் அந்த வகை மருந்து குடலிலுள்ள நல்ல நுண்ணுயிரிகளைக் கொன்று, நஞ்சு சுரக்கும் கிருமியைப் பெருக விடும். தும்மலுக்குக் கொடுத்த மருந்தால் முயல் கழிச்சலில் சாகும். நாய் உண்ணிக்குக் கழுத்தில் விடும் பிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு ஆபத்தானது. சொறிக்கு வீட்டில் காய்ச்சிய எண்ணெய்களைத் தடவினால் அரை மணியில் அது துணையின் வயிற்றுக்குள் இருக்கும், ஏனெனில் ஒன்றையொன்று நக்கிக்கொள்வதே அவற்றின் நாள்முழுத் தொழில்.

## மீண்டும் சேர்க்கும்போது

மருந்து முடிந்து, தும்மலோ கழிச்சலோ பொருக்கோ இல்லாமல் இரண்டு வாரம் கடந்த பிறகு சேர்க்கலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி. முதலில் இரண்டின் படுக்கைத் துணியை மாற்றி வையுங்கள். பிறகு இரண்டுக்கும் சொந்தமில்லாத இடத்தில், எங்கள் வீட்டில் குளியலறை, கொத்தமல்லித் தழையைத் தரையில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது பெரும்பாலும் யார் பெரியவர் என்ற வழக்குத்தான், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். காதுகளைப் பின்னுக்கு மடித்து வட்டமாகத் துரத்தத் தொடங்கினால் நடுவே துடைப்பத்தை வைத்துப் பிரித்துவிட்டு மறுநாள் முயலுங்கள். ஆணும் பெண்ணுமாக, கருத்தடை செய்யாத இணையாக இருந்தால் இந்தப் பத்து நிமிடமே போதும், 31-ஆம் நாள் குட்டிகள் வரும். நோயிலிருந்து இப்போதுதான் எழுந்த பெண் முயலுக்கு அது தாங்காது. மல்லியும் சுண்டுவும் இப்படி மீண்டும் சேரப் பன்னிரண்டு நாள் முயல வேண்டியதாயிற்று. பதின்மூன்றாம் நாள் காலையில் மல்லி தலையைத் தரையில் தாழ்த்தி வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தது. சுண்டு கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்ப்பதுபோல் நடித்துவிட்டு வந்து அதன் நெற்றியை நக்கத் தொடங்கியது.